முழுக்கொழுப்பு உணவுக்கு நல்ல வெண்ணெய் பார்த்து வாங்குவது எப்படி: மதுரைப் பக்கத்தவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சோறு, மாவுப் பண்டங்களைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் சாப்பாட்டை, பேலியோ, குறைமாவு, கொழுப்பு உணவுமுறை என்று எந்தப் பெயரில் ஆரம்பித்தாலும் முதல் வாரத்திலேயே வந்து நிற்கிற கேள்வி வெண்ணெய்தான். பாக்கெட்டா, சில்லறையா? மஞ்சளா, வெள்ளையா? உப்புப் போட்டதா, போடாததா? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் போகிறார்கள். யாரோ சொன்ன இடத்தில் முதலில் 2 கிலோ வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நல்லதா என்று யோசிக்கிறார்கள். வரிசையை மாற்றினாலே பாதிக் குழப்பம் தீரும். முதலில் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்வது, அப்புறம் எந்த வகை என்பது, அதன் பிறகு லேபிளையோ மூக்கையோ வைத்துத் தேர்வது, கால் கிலோ மட்டும் வாங்கி உருக்கி நிறுத்துப் பார்ப்பது, அதில் தேறினால் மட்டும் மொத்தமாக வாங்குவது. இந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

எப்போதாவது ரொட்டியில் தடவிக்கொள்கிறவருக்கு இவ்வளவு மெனக்கெடல் தேவையில்லை. ஆனால் இந்த உணவுமுறையில் வெண்ணெய் என்பது ருசிக்காகச் சேர்ப்பதில்லை, சோறு இருந்த இடத்தில் அதுதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு 50 கிராம் என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ ஒரு ஆளுக்கு உள்ளே போகிறது. அதில் கால் பங்கு தண்ணீரோ, பாமாயிலோ இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை.

1. வாங்கப் போகும் முன்: அளவும் ரத்தப் பரிசோதனையும்

கடைக்குப் போவதற்கு முன் லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு), எச்பிஏ1சி (3 மாதச் சர்க்கரைச் சராசரி), ஈரல், சிறுநீரகப் பரிசோதனை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது: 3 மாதம் கழித்து எண்கள் மாறினால் எங்கிருந்து மாறின என்று தெரிய வேண்டும். 50 கிராம் வெண்ணெயில் மட்டுமே ஏறக்குறைய 25 கிராம் நிறைகொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) வந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதம், அதாவது 2000 கலோரி சாப்பிடுகிறவருக்குச் சுமார் 22 கிராம். இந்த உணவுமுறை அந்தக் கோட்டைத் தெரிந்தே தாண்டுகிறது, ஆகவே கண்காணிப்பு இல்லாமல் இறங்காதீர்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏற்கெனவே அதிகம் உள்ளவர்கள், பித்தப்பையில் கல் இருப்பவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இன்னும் கவனம். மாவுச்சத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும், நாமாக இல்லை.

இன்னொன்று, நான் அதிகம் பார்க்கும் தவறு: காலையில் வெண்ணெய் டீ, மதியம் வழக்கம்போல ஒரு தட்டுச் சோறு, ராத்திரி பரோட்டா. இது முழுக்கொழுப்பு உணவு இல்லை, பழைய சாப்பாட்டின் மேல் 300, 400 கலோரியை ஏற்றுவது. 100 கிராம் வெண்ணெய் சுமார் 720 கலோரி. மாவைக் குறைக்கத் தயாராக இல்லையென்றால் வெண்ணெயையும் கூட்டாதீர்கள்.

2. வீட்டில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் வரை காட்டும் சின்ன சமையலறைத் தராசு. இது இல்லாமல் கீழே உள்ள முக்கியமான சோதனையைச் செய்யவே முடியாது, அதனால் இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அப்புறம் ஒரு கண்ணாடி டம்ளர், மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடின் டிஞ்சர், மூடி இறுக்கமாக இருக்கும் எவர்சில்வர் அல்லது கண்ணாடி டப்பா, வெண்ணெய்த்தாள். வெளியூரிலிருந்து வாங்கி வருவதாக இருந்தால் ஒரு தெர்மாகோல் பெட்டி. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும், சித்திரை வெயிலில் மேலூரிலிருந்து பஸ்ஸில் வரும் நேரத்துக்குள் அது பையில் எண்ணெயாக நிற்கும்.

3. நம் ஊரில் கிடைக்கும் வகைகள்

முதல் வகை, உப்புப் போட்ட டேபிள் பட்டர். ஆவின், அமுல் போன்றவை. சட்டப்படி இதில் பால்கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, உப்பு 3 சதவீதத்துக்குள். இரண்டாவது, உப்பில்லாத சமையல் வெண்ணெய், பாக்கெட்டில் வருவது. மூன்றாவது, கடைகளில் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் வெள்ளை வெண்ணெய். ஊத்துக்குளி வெண்ணெய் என்று மதுரைக் கடைகளில் விற்பது இந்த வகையில் வரும். வெள்ளை வெண்ணெய்க்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கொழுப்பு 76 சதவீதம். நான்காவது, கிராமத்தில் தயிரைக் கடைந்து எடுக்கும் நாட்டு வெண்ணெய்.

இந்த உணவுமுறைக்கு நான் சொல்லும் வரிசை: முதலில் உப்பில்லாத பாக்கெட் வெண்ணெயில் தொடங்குங்கள். அது கிடைக்கும், தரம் ஒரே மாதிரி இருக்கும், நாட்டு வெண்ணெய் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோலாகவும் உங்கள் நாக்கில் பதியும். நல்ல நாட்டு வெண்ணெய் ருசியில் அதைவிட மேல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் நல்ல ஆளைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும், அதுவரை பட்டினி கிடக்க முடியாது.

உப்புப் போட்டதை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், அதில் 100 கிராமுக்கு 2 முதல் 2.5 கிராம் வரை உப்பு இருக்கும். நாளைக்கு 50 கிராம் சாப்பிட்டால் வெண்ணெயிலிருந்து மட்டும் 1 கிராமுக்கு மேல். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது கணக்கில் வர வேண்டியது. நெய் உருக்கவும் அது சரிப்படாது, உப்பெல்லாம் கசடில் தங்கிவிடும்.

மஞ்சளா வெள்ளையா என்று தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பசுவின் பாலில் கரோட்டின் அப்படியே கொழுப்பில் தங்குவதால் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும், எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் வெள்ளையாக இருக்கும். இரண்டும் நல்ல வெண்ணெய்தான். பாக்கெட்டின் மஞ்சள் பல நேரம் அனாட்டோ என்ற விதையிலிருந்து எடுத்த நிறம், அனுமதிக்கப்பட்டதுதான், ஆனால் அதைப் பார்த்து ‘பசும்புல் தின்ற மாடு’ என்று கற்பனை செய்யாதீர்கள். மாட்டுத் தீவனத்தைப் பொறுத்தும் நிறம் மாறும். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து பச்சை கிடைக்கும் மாதங்களில் ஒரே மாட்டின் வெண்ணெய் நல்ல மஞ்சளாக வரும். வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் தின்னும் கோடையில் வெளுக்கும்.

‘ஏ2’ என்று எழுதி இரண்டு மடங்கு விலை சொல்வதையும் இங்கேயே முடித்துவிடலாம். ஏ1, ஏ2 என்பது பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தின் வித்தியாசம். வெண்ணெயில் புரதம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. கொழுப்புக்காக வாங்கும் பொருளில் புரதத்தின் வகைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

4. பாக்கெட் வெண்ணெய்: லேபிளை இந்த வரிசையில் படியுங்கள்

முன்பக்கத்தில் இருக்கும் பசுமாட்டுப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் திருப்புங்கள். முதலில் பொருளின் பெயர். ‘பட்டர்’ என்று மட்டும் இருக்க வேண்டும். ‘ஃபேட் ஸ்ப்ரெட்’, ‘மார்ஜரின்’, ‘டேபிள் ஸ்ப்ரெட்’, ‘லைட்’ என்று எது இருந்தாலும் அங்கேயே வைத்துவிடுங்கள். டப்பா, நிறம், எழுத்து எல்லாம் வெண்ணெய் மாதிரியே இருக்கும், விற்கிறவரும் பட்டர் என்றே சொல்வார். பெயர் எழுதிய இடத்தில்தான் உண்மை இருக்கும், அதுவும் சின்ன எழுத்தில்.

இரண்டாவது, சேர்மானம். உப்பில்லாததில் பால்கொழுப்பு அல்லது க்ரீம், அவ்வளவுதான். உப்புப் போட்டதில் உப்பும், சிலவற்றில் நிறமும். தாவர எண்ணெய், பாமாயில், ஹைட்ரஜனேற்றிய கொழுப்பு, குழம்பாக்கி எண் 471 என்று வந்தால் அது வெண்ணெய் இல்லை.

மூன்றாவது, ஊட்டச்சத்துப் பட்டியல். இதில் ஒரு வரியைப் பெரும்பாலோர் தவறாகப் படிக்கிறார்கள். கொலஸ்ட்ரால் 0 என்று போட்டிருந்தால் சந்தோஷப்பட்டு வாங்குகிறார்கள். தாவரக் கொழுப்பில்தான் கொலஸ்ட்ரால் இருக்காது. உண்மையான வெண்ணெயில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராம் சுற்றி இருந்தே தீரும். அதனால் 0 என்பது அது வெண்ணெயே இல்லை என்பதற்கான வாக்குமூலம். அதே பட்டியலில் மொத்தக் கொழுப்பு 80 கிராம் அல்லது அதற்குச் சற்று மேல், நிறைகொழுப்பு 50 கிராம் அளவில், மாவுச்சத்து 0 அல்லது 1-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மொத்தக் கொழுப்பு 80 இருந்து நிறைகொழுப்பு 30-க்குக் கீழே இருந்தால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

நான்காவது, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண். சின்ன நிறுவனமாக இருந்தால் அந்த எண்ணை எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பெயரும் முகவரியும் பொருந்த வேண்டும். பச்சைப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, மார்ஜரினுக்கும் அதே பச்சைப் புள்ளிதான்.

கடைசியாகத் தயாரிப்புத் தேதி, அதோடு கடையின் குளிர்பெட்டி. பாக்கெட்டின் மூலைகள் மழுங்கி, தாளின் மடிப்புகளில் எண்ணெய் கசிந்து ஒட்டியிருந்தால் அது ஒரு தடவை உருகி மறுபடி இறுகியது. ராத்திரி ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுக் காலையில் போடும் கடைகள் உண்டு. தேதி நன்றாக இருந்தாலும் அதை எடுக்காதீர்கள்.

5. சில்லறை வெண்ணெயும் நாட்டு வெண்ணெயும்: வாங்கும் இடத்தில் என்ன செய்வது

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் ஒரு கணக்கு. 8 லிட்டர் கறக்கும் பசுவின் பாலில் 4 சதவீதக் கொழுப்பு என்றால் மொத்தம் 320 கிராம் கொழுப்பு. ஒரு சொட்டு விற்காமல் அத்தனையையும் உறைய வைத்துக் கடைந்தாலும் 400 கிராம் வெண்ணெய்தான் தேறும். கிராமத்தில் பெரும்பாலான பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, வீட்டுக்கு நிறுத்திக்கொள்வது ஒரு பகுதிதான். ஆக, இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டிலிருந்து தினமும் 5 கிலோ ‘வீட்டு வெண்ணெய்’ வர வழியே இல்லை. அப்படிக் கொடுக்கிறவர் வேறெங்கோ வாங்கி விற்கிறார். வாங்கி விற்பது குற்றமில்லை, ஆனால் அப்போது அது அவர் கடைந்தது அல்ல, விலையும் அந்த விலையாக இருக்கக் கூடாது.

அதனால் உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம், மேலூர் பக்கம் யாரிடமாவது பேசும்போது முதல் கேள்வி, “அக்கா, வாரத்துக்கு எவ்வளவு தேறும்?” “வெள்ளிக்கிழமை வா தம்பி, முக்கால் கிலோ சேரும்” என்று பதில் வந்தால் அங்கே நில்லுங்கள். “எவ்வளவு வேணும்னாலும் இருக்கு” என்று வந்தால் நகர்ந்துவிடலாம். இரண்டாவது, “பசுவா, எருமையா, கலந்ததா?” மூன்றாவது, “எத்தனை நாள் தயிர், எப்போ கடைஞ்சது?” மூன்று நான்கு நாள் ஆடையைச் சேர்த்துக் கடைவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்தது என்றால், அதுவும் ஃப்ரிட்ஜ் இல்லாத வீடு என்றால், வேண்டாம்.

நேரம் முக்கியம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். கடைவது விடியலில், வெண்ணெய் இறுகி நிற்பதும் அப்போதுதான். மத்தியானம் போனால் எல்லா வெண்ணெயும் ஒரே மாதிரி இளகிக் கிடக்கும், எதையும் சோதிக்க முடியாது.

அப்புறம் மூக்கு. உருண்டையின் மேல்பக்கத்தை மோந்து பார்க்காதீர்கள், நடுவில் இருந்து சிறிது கிள்ளி எடுக்கச் சொல்லுங்கள். மேல்பகுதி தண்ணீரில் கழுவப்பட்டு வாசம் போயிருக்கும், உள்ளேதான் உண்மையான வாசம். இலேசான தயிர்ப் புளிப்பு நல்லது, அது கடைந்த வெண்ணெயின் அடையாளம். சிக்கு வாடை, பழைய எண்ணெய் வாடை, பாலாடைக்கட்டி மாதிரி நெடி என்றால் கொழுப்பு கெட ஆரம்பித்துவிட்டது. நெய்யாக உருக்கினால் போய்விடும் என்பார்கள். போகாது. கொஞ்சம் முருங்கைக்கீரையைப் போட்டு மறைக்கலாம், அவ்வளவுதான். எந்த வாசமும் இல்லாமல் மெழுகு மாதிரி இருந்தாலும் சந்தேகப்படுங்கள், அது பல நேரம் வேறு கொழுப்பு.

அடுத்தது நாக்கு. கிள்ளியதை நாக்கில் வைத்து அழுத்தினால் வழுக்கிக் கரைந்து ஓட வேண்டும், மேலண்ணத்தில் படலமாக ஒட்டி நிற்கக் கூடாது. வனஸ்பதி கலந்தால் அந்த ஒட்டல் தெரியும். காய்ச்சாத பாலில் கடைந்தது என்றால் இந்தச் சோதனையைத் துப்பிவிட்டு வாய் கொப்பளித்து முடியுங்கள். பச்சைப் பாலில் புருசெல்லோசிஸ் என்ற மாட்டிலிருந்து தொற்றும் காய்ச்சலின் கிருமி, காசநோய்க் கிருமி வர வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் அந்த வெண்ணெயை அப்படியே சாப்பிடவே கூடாது, நெய்யாக உருக்கித்தான்.

பிறகு கத்தியால் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் நீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் தண்ணீர் அதிகம். வெண்ணெயைத் தண்ணீரில் மிதக்க வைத்து விற்பது கெடாமல் இருக்க நல்ல வழக்கம்தான், ஆனால் எடையில் அந்தத் தண்ணீரும் வரும். “அண்ணாச்சி, நல்லாப் புழிஞ்சு நிறுங்க” என்று கேட்கத் தயங்காதீர்கள். எல்லோரும் கேட்பதுதான், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. அன்றைக்கு ஆவின் வெண்ணெய் கிலோ என்ன விலை என்று தெரிந்துகொண்டு போங்கள். பெரிய பண்ணைகள் க்ரீம் எடுத்த பாலையும் விற்றுக் காசாக்குகின்றன, அதனால் அவர்களால் குறைத்து விற்க முடியும். மோரைத் தவிர விற்க வேறு எதுவும் இல்லாத ஒரு வீட்டுக்காரர் ஆவின் விலையைவிடக் குறைவாகக் ‘கடைந்த வெண்ணெய்’ தருகிறார் என்றால் எப்படி என்று கேட்க வேண்டும்.

கோயில் பக்கம் பூஜைக்கென்று உருண்டை பிடித்து விற்கும் வெண்ணெயைச் சாப்பாட்டுக்கு வாங்காதீர்கள். அதைச் சாப்பிடுவார்கள் என்ற எண்ணத்தோடு யாரும் அங்கே விற்பதில்லை.

இத்தனையிலும் தேறினால் கால் கிலோ. அதற்கு மேல் ஒரு கிராம் கூட வேண்டாம், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும்.

6. வீட்டில் உருக்கி நிறுப்பது

மொத்த வழிகாட்டியிலும் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

100 கிராம் வெண்ணெயைத் தராசில் நிறுத்துக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள். ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, அதில் டம்ளரை இறக்கி, அப்புறம் மெல்லச் சூடேற்றுங்கள். எடுத்த எடுப்பில் கொதிநீரில் வைத்தால் டம்ளர் விரியும். கிளறாதீர்கள். கிளறினால் நீரும் கொழுப்பும் மறுபடி கலந்துகொள்ளும், பிரிந்து நிற்காது. முழுவதும் உருகியபின் கால் மணி நேரம் அப்படியே விடுங்கள். மேலே தெளிந்த மஞ்சள் அல்லது நிறமற்ற கொழுப்பும், அடியில் கலங்கலான வெள்ளை நீரும் தனித்தனியாக நிற்கும். அடியில் நிற்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் நல்ல வெண்ணெய். கால் பங்கைத் தாண்டினால் நீங்கள் மோருக்கு வெண்ணெய் விலை கொடுத்திருக்கிறீர்கள்.

இப்போது அதைச் சின்ன வாணலியில் ஊற்றிச் சிறு தீயில் நெய்யாக உருக்குங்கள். சடசடப்பு அடங்கி, நுரை குறைந்து, கசடு பொன்னிறமானதும் இறக்கி, முன்கூட்டியே எடை பார்த்து வைத்த கிண்ணத்தில் வடிகட்டி, நெய்யை மட்டும் நிறுங்கள். 80 சதவீத வெண்ணெய் என்றால் வாணலியிலும் கசடிலும் ஒட்டியது போக 76 முதல் 78 கிராம் கையில் வரும். நாட்டு வெண்ணெயில் 72-க்கு மேல் வந்தால் சரி. 70-க்குக் கீழே போனால் அந்த இடத்தில் மறுபடி வாங்க வேண்டாம், அல்லது நன்றாகப் பிழிந்து தரச் சொல்லி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை, வெண்ணெயைக் கிராமிலும் நெய்யை மில்லியிலும் அளப்பது. நெய் தண்ணீரைவிட இலேசானது. 800 கிராம் நெய் ஏறக்குறைய 880 மில்லி பாட்டிலை நிரப்பும். “கிலோவுக்கு 880 வருது பாருங்க” என்று ஒருவர் பாட்டிலைக் காட்டினால் அது வழக்கமான 80 சதவீதம்தான், அதிசயம் இல்லை.

7. மற்ற சோதனைகள்: எதை நம்பலாம், எதை விட்டுவிடலாம்

உருக்கி நிறுப்பது தண்ணீரையும் மோரையும் பிடிக்கும். உருளைக்கிழங்கு மசியல், மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க அயோடின் போதும். அரைத் தேக்கரண்டி வெண்ணெயை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து 2, 3 சொட்டு அயோடின் விடுங்கள், நீலமானால் மாவு இருக்கிறது. சூடாக இருக்கும்போது செய்யாதீர்கள், சூட்டில் அந்த நீலம் தெரியாமல் போகும். சோதித்ததைக் கொட்டிவிட வேண்டும்.

வெயில்காலத்தில் இன்னொன்று செய்யலாம். ஒரு துண்டு வெண்ணெயை மத்தியானம் அடுப்படி மேடையில் வைத்துப் பாருங்கள். 38 டிகிரி வெயிலில் அசல் வெண்ணெய் நிற்காது, உருகி ஓடும். சாயங்காலம் வரை கட்டியாகவே இருந்தால் உருகுநிலை கூடிய வேறு கொழுப்பு இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். ஒரு விதிவிலக்கு, பருத்திக்கொட்டை நிறையத் தின்னும் மாட்டின் வெண்ணெய் இயல்பாகவே கொஞ்சம் கெட்டியாக இருக்கும், நம் பக்கம் அது சாதாரணம். அதனால் இதை மட்டும் வைத்து ஒருவரைக் கலப்படக்காரர் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சர்க்கரையும் போட்டுச் செய்யும் சோதனையை வீட்டில் செய்ய வேண்டாம். அமிலம் ஆபத்து என்பது ஒரு பக்கம். அது உண்மையில் கண்டுபிடிப்பது வனஸ்பதியில் அடையாளத்துக்காகச் சேர்க்கும் நல்லெண்ணெயைத்தான். நேரடியாகப் பாமாயில் கலந்தால் சிவப்பு வராது, நீங்களும் சுத்தமான வெண்ணெய் என்று நம்பிவிடுவீர்கள். உள்ளங்கையில் தேய்ப்பது, ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு அடுக்காகிறதா என்று பார்ப்பது, திரி போட்டு எரிப்பது எல்லாம் இதே கதை.

பாமாயிலையோ வேறு கொழுப்பையோ உறுதியாகப் பிடிக்க ஆய்வகம்தான் வழி. அங்கே ஆர்எம் எண்ணும் (பால்கொழுப்புக்கே உரிய சில அமிலங்களின் அளவைக் காட்டுவது) தாவர ஸ்டீராலும் (தாவர எண்ணெயில் இருக்கும் பொருள்) பார்ப்பார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். அதை விற்றவரிடம் வாங்கும்போதே சொல்ல வேண்டும் என்பது விதி. மாதாமாதம் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரே இடத்தில் வாங்குவதாக இருந்தால் இந்தச் செலவைப் பங்கிட்டுக்கொள்வது நல்லது.

8. கழுவுவதும் பாதுகாப்பதும்

நாட்டு வெண்ணெய் வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்த தண்ணீரில் போட்டுப் பிசைந்து கழுவுங்கள், தண்ணீர் தெளிவாக வரும் வரை. வெண்ணெயைச் சீக்கிரம் கெடவைப்பது பெரும்பாலும் உள்ளே மாட்டியிருக்கும் மோர்தான். அதில் உள்ள சர்க்கரையிலும் புரதத்திலும்தான் கிருமி வளரும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த தண்ணீர். கோடையில் ஐஸ் கட்டி இரண்டு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வெண்ணெய் விரலோடு வழிந்து போகும். கடைசியில் அழுத்திப் பிழிந்து நீரை வெளியேற்றுங்கள்.

அப்புறம் 100 கிராம் கட்டிகளாகப் பிரித்து வெண்ணெய்த்தாளில் சுற்றுங்கள். 5, 6 நாளைக்கு வேண்டியதைக் கீழே ஃப்ரிட்ஜிலும் மீதியை ஃப்ரீசரிலும் வையுங்கள். மொத்தமாக ஒரே டப்பாவில் வைத்தால் ஒவ்வொரு தடவையும் வெளியே எடுத்து, இளகி, மறுபடி உள்ளே போய், வாரக் கடைசியில் சிக்கு வாடை வந்துவிடும். வெளிச்சமும் வெண்ணெய்க்கு ஆகாது, கண்ணாடி டப்பா என்றால் தாளில் சுற்றிய பிறகே உள்ளே வையுங்கள்.

நம் ஊர் வீடுகளுக்கு இன்னொரு எச்சரிக்கை: மல்லிகைப்பூ வைத்திருக்கும் அதே தட்டில் வெண்ணெயைத் திறந்து வைக்காதீர்கள். கொழுப்பு வாசத்தை இழுத்துக்கொள்ளும். வெங்காயம், கருவாடு பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

9. அடுப்பில் பயன்படுத்தும்போது

நல்ல வெண்ணெயைத் தேடி வாங்கிவிட்டுப் பெரிய தீயில் கருக்குவதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கேட்பதில்லை. வெண்ணெய் சுமார் 150 டிகிரியிலேயே புகைய ஆரம்பிக்கும், காரணம் அதில் உள்ள பால் புரதம். முட்டை, காய்கறி வதக்கல், ஊறவைத்துக் காயவைத்த பாதாமை வறுப்பது, இதெல்லாம் சிறு தீயில் வெண்ணெயில் செய்யலாம். மட்டன் சுக்கா, மீன் வறுவல் மாதிரி நல்ல சூடு வேண்டிய எதற்கும் நெய். அதனால் வாங்கியதில் பாதியை அன்றைக்கே நெய்யாக்கி வைத்துக்கொள்ளுங்கள், வெண்ணெய் கெடும் கவலையும் குறையும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நாளே 50 கிராமுக்குப் போக வேண்டாம். 10, 15 கிராமில் ஆரம்பித்து வயிறு பழகப் பழகக் கூட்டுங்கள். பேதியாகிறது என்று சொல்லி வெண்ணெயைக் குற்றம் சொல்கிறவர்களில் பலர் ஒரே நாளில் அளவைத் தூக்கியவர்கள்.

10. எதுவும் தேறவில்லை என்றால் வீட்டிலேயே கடையுங்கள்

ஆரஞ்சு நிற ஆவின் பாக்கெட் போன்ற 6 சதவீதக் கொழுப்புள்ள பால், அல்லது நேரடியாகக் கறந்த எருமைப்பால். ஹோமோஜினைஸ்டு என்று போட்ட பாலில் கொழுப்புத் துளிகளை உடைத்துவிட்டிருப்பார்கள், ஆடை கட்டாது, அதை வாங்கிவிட்டு மெனக்கெடாதீர்கள். காய்ச்சி ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்து ஆடையை எடுத்து, ஃப்ரீசரில் ஒரு டப்பாவில் சேருங்கள். 4, 5 நாள் சேர்ந்ததும் வெளியே எடுத்து இளகவைத்து, ஒரு கரண்டி தயிர் விட்டு ராத்திரி முழுவதும் உறைய வையுங்கள். காலையில் அதைக் குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மிக்ஸியின் சூட்டில் வெண்ணெய் திரளாமல் க்ரீமாகவே குழம்பி நிற்கும், நிறையப் பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

ஒரு லிட்டர் பாலில் மொத்தமே 60 கிராம் கொழுப்பு. ஆடையில் அத்தனையும் வராது, ஆகவே லிட்டருக்கு 50, 60 கிராம் வெண்ணெய் கிடைத்தால் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ஒரு ஆளுக்கு வேண்டிய மாத அளவு இதில் முழுவதும் தேறாது, பாக்கெட்டோடு கலந்து சமாளிக்க வேண்டியதுதான்.

வெளியே வாங்குகிறவர்கள், ஆள் நல்லவர் என்று ஒரு தடவை முடிவு செய்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். கோடை தொடங்கும்போதும், தீபாவளி, பொங்கலுக்கு முன் கேட்பவர்கள் கூடும்போதும் 100 கிராமை எடுத்து மறுபடி உருக்கி நிறுங்கள். வெண்ணெயில் தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.